லைமன் ட்ரம்புல்லின் வாழ்க்கையை வீட்டிலிருந்தே எழுதுவது எப்படி?

ஒரு சிற்றிதழுக்காக, 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வழக்கறிஞரும் செனட்டருமான லைமன் ட்ரம்புல்லைப் பற்றி மூவாயிரம் சொற்களில் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டபோது, மூன்று வாரங்களில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஐந்து மாதங்கள் ஆயின. எனக்கு வேண்டிய ஆவணங்களில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே இருந்தன. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று சொல்ல ஆளில்லாததால்தான் அவ்வளவு காலம் வீணாயிற்று. அதே வழியில் புறப்படும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ட்ரம்புல்லை எடுத்துக்காட்டாக வைத்துச் சொன்னாலும், சால்மன் சேஸ், தாடியஸ் ஸ்டீவன்ஸ், வில்லியம் சீவார்ட் என 19ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞராகத் தொடங்கி அரசியலுக்குப் போன எந்த அமெரிக்கரைப் பற்றி எழுதினாலும் வழி ஏறக்குறைய இதுவே. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஐந்து வாரங்கள் போதும்.

1. பதவி அட்டவணை (முதல் நாள், செலவில்லை)

அமெரிக்க நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களுக்காக வைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்பு அடைவிலிருந்து தொடங்குங்கள். 1774 முதல் இன்றுவரை உறுப்பினராக இருந்த அனைவரும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திதான் இருக்கும். அந்தப் பத்தியை உடைத்து ஆண்டு, ஊர், பதவி, கட்சி, அந்தப் பதவிக்கு யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஐந்து நிரல்களில் ஓர் அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள்.

ட்ரம்புல்லுக்கு அது இப்படி வரும்: 1813 அக்டோபர் 12 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் கோல்செஸ்டரில் பிறப்பு, ஜார்ஜியாவில் பள்ளி ஆசிரியர், பிறகு இலினொய் மாநிலத்தின் பெல்வில்லில் வழக்கறிஞர், 1840இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வு, 1841 முதல் 1843 வரை மாநிலச் செயலர், 1848 முதல் 1853 வரை மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, 1855 முதல் 1873 வரை அமெரிக்க செனட்டர், அதன்பின் சிகாகோவில் மீண்டும் வழக்கறிஞர் தொழில், 1896 ஜூன் 25 அன்று மறைவு.

கட்சி நிரலைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ட்ரம்புல் ஜனநாயகக் கட்சியில் தொடங்கி, குடியரசுக் கட்சிக்கு வந்து, 1872இல் லிபரல் குடியரசுக் கட்சியினருடன் சேர்ந்து, மீண்டும் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பி, இறுதிக் காலத்தில் மக்கள் கட்சியினருடன் நின்றவர். இந்த நிரல் இல்லாமல் அவருடைய உரைகளைப் படித்தால், எந்த மேடையில் யாரை எதிர்த்துப் பேசுகிறார் என்பதே பிடிபடாது.

அந்த அடைவுப் பக்கத்திலேயே, அவருடைய தாள்கள், அதாவது கடிதங்களும் ஆவணங்களும், எந்தெந்த நூலகங்களில் உள்ளன என்ற பட்டியலும் இருக்கிறது. நான் அதைக் கவனித்தது மூன்றாம் மாதத்தில்தான். நீங்கள் முதல் நாளிலேயே படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. சொற்கள் வைக்கும் பொறிகள் (இரண்டு நாட்கள்)

ஆவணங்களுக்குள் இறங்குவதற்கு முன் இந்தப் படியை முடித்துவிட வேண்டும். என் கட்டுரையின் முதல் வரைவில் இருந்த ஏழு பிழைகளில் ஐந்து இங்கிருந்து வந்தவை.

முதலாவது, மாநிலச் செயலர் பதவி. ஆங்கிலத்தில் இதன் பெயரும் கூட்டாட்சி அரசின் வெளியுறவு அமைச்சர் பதவியின் பெயரும் ஒன்றே. நான் 28 வயது ட்ரம்புல்லை அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக்கிவிட்டேன். இதழாசிரியர் பிடித்திருக்காவிட்டால் அது அச்சேறியிருக்கும்.

இரண்டாவது, உச்ச நீதிமன்றம் என்ற பெயர். மாநிலங்களுக்கும் தனித்தனி உச்ச நீதிமன்றங்கள் உண்டு என்பதால், எங்கு எழுதினாலும் மாநிலத்தின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். நியூயார்க்கில் இன்னும் ஒரு குழப்பம்: அங்கே அந்தப் பெயர் தாங்கியது விசாரணை நீதிமன்றம், மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று பெயர். நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார் என்று கண்டவுடன் வாஷிங்டனுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, அழைப்புப் பட்டங்கள். ஒருமுறை நீதிபதியாக இருந்தவரைச் சாகும்வரை நீதிபதி என்றே அழைப்பது அக்கால வழக்கம். ஆகவே 1870களின் செய்தித்தாள் ஒன்று ட்ரம்புல்லை நீதிபதி என்று குறிப்பிட்டால், அவர் அப்போது நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார் என்று பொருளாகாது. கர்னல் என்ற பட்டமும் அப்படியே; உள்ளூர்ப் படையில் சில மாதங்கள் இருந்தவரையும் அது விடாது.

நான்காவது, சட்டம் படித்தார் என்ற சொற்றொடர். பெரும்பாலானோர் சட்டக் கல்லூரிக்குப் போகவில்லை. மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்து நூல்களைப் படித்து, பிறகு வழக்காடும் அனுமதி பெற்றார்கள். எந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றார் என்று தேடி நான் ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

ஐந்தாவது, நாட்கள். 1933ஆம் ஆண்டின் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு முன் செனட்டரின் பதவிக்காலம் மார்ச் 4 அன்று தொடங்கியது; ஆனால் அவை கூடுவது பெரும்பாலும் டிசம்பரில்தான். ட்ரம்புல் தேர்ந்தெடுக்கப்பட்டது 1855 பிப்ரவரி 8, பதவிக்காலம் தொடங்கியது மார்ச் 4, அவை கூடியது டிசம்பர். மூன்று நூல்கள் மூன்று நாட்களைச் சொன்னால் மூன்றும் சரியாகவே இருக்கலாம். மாநில நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்தப் பதவிக்காலம் முடியும் முன் வேறு பதவி ஏற்கலாமா என்ற கேள்வி எழுப்பப்பட்டு, 1856 மார்ச்சில்தான் செனட் அதை அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது என்பதையும் அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. தேர்தல் முடிவுகளை எங்கே தேடுவது (மூன்று நாட்கள்)

செனட்டர் தேர்தல் என்றதும் வாக்காளர் எண்ணிக்கையைத் தேடப் போவீர்கள்; நானும் போனேன். 1913ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம் வரும்வரை செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன என்பதால், அந்த ஆவணம் சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கும். பழைய குறிப்பேடுகள் பலவற்றை ஹாத்திட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்கைவ் ஆகிய மின்னூலகங்களில் காணலாம். மாநிலத்தின் பெயர், அவையின் பெயர், ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

1855 தேர்தலையே பாருங்கள். முதல் சுற்றில் ட்ரம்புல்லுக்கு 5 வாக்குகள்தாம். முன்னணியில் இருந்தவர் ஆபிரகாம் லிங்கன். பத்தாவது சுற்றில், ஆளுநர் ஜோயல் மேட்டசன் வென்றுவிடக்கூடாது என்பதற்காக லிங்கன் தன் ஆதரவாளர்களை ட்ரம்புல்லின் பக்கம் திருப்ப, ட்ரம்புல் 51 வாக்குகளுடன் வென்றார். லிங்கனுக்கு முதல் சுற்றில் கிடைத்தவை எத்தனை? மறுநாள் நாடாளுமன்ற உறுப்பினர் எலிஹு வாஷ்பர்னுக்கு எழுதிய கடிதத்தில் லிங்கனே 44 என்கிறார். 45 என்று அச்சிட்ட நூல்களும் உண்டு. இத்தகைய இடங்களில் உங்களுக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்துகொள்ளாமல், யார் எங்கே சொன்ன எண் என்பதைச் சேர்த்து எழுதிவிடுங்கள்.

4. நாடாளுமன்ற உரைகள் (ஒரு வாரம், செலவில்லை)

விவாதப் பதிவுகளின் பெயர் காலத்துக்கேற்ப மாறும். 1824 வரை ஆனல்ஸ், 1824 முதல் 1837 வரை ரெஜிஸ்டர் ஆஃப் டிபேட்ஸ், 1833 முதல் 1873 வரை காங்கிரஷனல் குளோப், அதன்பின் காங்கிரஷனல் ரெக்கார்ட். ட்ரம்புல்லின் செனட் வாழ்க்கை ஏறக்குறைய முழுவதும் குளோப்பில் அடங்கிவிடுகிறது என்பது நமக்கு வசதி.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் குளோப்பின் பக்கப் படங்கள் உள்ளன. ஆனால் சொல் வாரியாகத் தேட வேண்டுமானால் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போங்கள். அங்கே உரைக்குள்ளும் தேடலாம். பக்கத்துக்கு மூன்று பத்திகள், பொடி எழுத்து. கைப்பேசியில் படிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் உறுப்பினர் பெயர் வாரியான சொல்லடைவு உண்டு; தேடுபொறியை நம்புவதைவிட அதில் தொடங்குவதே விரைவான வழி.

மேற்கோள் எண்களைப் படிக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். 38ஆவது நாடாளுமன்றம், முதல் கூட்டத்தொடர், பக்கம் 1313 என்றால், அது 1864 மார்ச் 28 அன்று அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தை நீதித்துறைக் குழுத் தலைவர் என்ற முறையில் ட்ரம்புல் அவையில் எடுத்துரைத்த இடம். 39ஆவது நாடாளுமன்றம், முதல் கூட்டத்தொடர், பக்கம் 474 என்றால், 1866ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்ட முன்வரைவுக்காக அவர் பேசிய இடம். இவ்விரு உரைகளையும் முழுமையாகப் படித்துவிட்டால் மனிதரின் தர்க்கமும் மொழியும் பிடிபட்டுவிடும். மற்றவற்றைத் தேவைக்கேற்பப் புரட்டினால் போதும்.

இங்கே ஒரு பொறி. 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன்மீது செனட் நடத்திய விசாரணையின் பதிவை வழக்கமான தொகுதிக்குள் தேடி ஏமாந்தேன். அது குளோப்பின் தனி இணைப்புத் தொகுதியாகவும், அரசு அச்சகம் வெளியிட்ட மூன்று தொகுதிகளாகவும் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்க்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும்; 35க்கு 19 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்குக் குறைவால் ஜான்சன் தப்பினார். அவரை விடுவிக்க வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சியினரில் ட்ரம்புல்லும் ஒருவர். அவர் எழுத்தில் அளித்த காரணங்கள் அந்தத் தொகுதிகளில் உள்ளன. அதைப் படிக்காமல் அவரைக் கோழை என்றோ வீரர் என்றோ எழுதிவிட வேண்டாம்.

5. வழக்குகள் (ஒன்றரை வாரம்)

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இதுதான். அரசியல்வாதியாக ட்ரம்புல் பதினெட்டு ஆண்டுகள் செனட்டில் பேசினார் என்றாலும், அவர் சோறுண்டது வழக்கறிஞர் தொழிலில்; தொடக்கத்திலும் முடிவிலும் அவர் யாருக்காக எழுந்து நின்றார் என்பது வழக்குகளில்தான் தெரிகிறது.

முதலில் மேற்கோள்களைப் புரிந்துகொள்ளுங்கள். அக்காலத்தில் தீர்ப்புத் தொகுதிகள் அவற்றைத் தொகுத்தவரின் பெயரால் வழங்கின. பின்னாளில் தொடர் எண்களும் இடப்பட்டன. ஆகவே ஒரே தீர்ப்புக்கு இரண்டு முகவரிகள் இருக்கும். ஜாரட் எதிர் ஜாரட் வழக்கு 2 கில்மன் 1 என்றும் 7 இலினொய் 1 என்றும் குறிக்கப்படும், இரண்டும் ஒன்றே. கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் முதல் 90 தொகுதிகளும் இப்படித்தான்: மெக்கார்டில் வழக்கின் 7 வாலஸ் 506 என்பதும் 74 யு.எஸ். 506 என்பதும் ஒன்று. இது தெரியாமல் ஒரே வழக்கை இரண்டு வழக்குகளாக எண்ணி, இருவேறு பத்திகளில் எழுதிவிட்டேன்.

தீர்ப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஹார்வர்டு சட்ட நூலகம் தன் தீர்ப்புத் தொகுதிகளை எல்லாம் ஒளிவருடி, ஏறக்குறைய 67 லட்சம் வழக்குகளைத் திறந்து வைத்திருக்கிறது. 2024 முதல் பதிவிறக்கக் கட்டுப்பாடும் இல்லை. கோர்ட்லிசனர் தளத்தின் வழியாகவும் அவற்றைத் தேடலாம்.

ட்ரம்புல்லைப் பொறுத்தவரை மூன்று வழக்குகளைத் தவறவிடாதீர்கள். 1845இல் ஜோசப் ஜாரட் என்ற அடிமை, தன் உழைப்புக்குக் கூலி கேட்டுத் தொடுத்த வழக்கில் ட்ரம்புல் அவருக்காக வாதாடினார். பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் அடிமைகளுக்குப் பிறந்த வழித்தோன்றல்களை இலினொயில் அடிமைகளாக வைத்திருக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராணுவம் கைது செய்த தென்மாநிலப் பத்திரிகையாசிரியர் ஒருவர் தொடுத்த மெக்கார்டில் வழக்கில், செனட்டராக இருந்துகொண்டே அரசுத் தரப்பில் வாதாடினார். 1895இல், 81ஆம் வயதில், ரயில் தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸுக்காகக் கிளாரன்ஸ் டாரோவுடன் சேர்ந்து கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தில் நின்று தோற்றார். 1845ஐயும் 1895ஐயும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் என் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்தது. அதுவரை எழுதிய இரண்டு வரைவுகளையும் கிழித்துப் போட்டேன்.

இலினொய் வழக்கறிஞர் எவரைப் பற்றி எழுதினாலும், லிங்கனின் வழக்கறிஞர் தொழில் குறித்த இலவச இணையத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளின் ஆவணங்கள் அதில் உள்ளன. லிங்கனுடன் சேர்ந்தும் எதிரிலும் நின்றவர்கள், வழக்கைக் கேட்ட நீதிபதிகள் என்று எல்லோருடைய பெயராலும் தேடலாம். கீழ் நீதிமன்றத் தாள்கள் வேண்டுமானால், மாநில ஆவணக் காப்பகம் பல்கலைக்கழகங்களில் வைத்திருக்கும் வட்டாரக் காப்பகங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். முதல் கட்டுரைக்கு அது தேவைப்படாது.

6. கடிதங்கள் (ஒரு வாரம்)

தாள்கள் என்று நூலகங்கள் சொல்லும் தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பவை, அந்த மனிதருக்கு வந்த கடிதங்களே. அவர் எழுதியவை, அவற்றைப் பெற்றவர்களின் தொகுப்புகளில் கிடக்கும். ட்ரம்புல்லின் தாள்கள் வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. ஆனால் ட்ரம்புல் லிங்கனுக்கு எழுதியவற்றை அதே நூலகம் மின்வடிவில் வெளியிட்டுள்ள லிங்கன் தாள்களிலும், லிங்கன் அவருக்கு எழுதியவற்றை மிச்சிகன் பல்கலைக்கழகத் தளத்திலுள்ள லிங்கன் எழுத்துத் தொகுப்பிலும் இலவசமாகப் படிக்கலாம். அடிமை முறையைப் புதிய நிலப்பகுதிகளுக்கு விரிப்பதில் எந்தச் சமரசமும் கூடாது என்று லிங்கன் வற்புறுத்திய 1860 டிசம்பர் 10 கடிதம் ட்ரம்புல்லுக்கு எழுதியதுதான்.

கையெழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரே ஆளின் பத்துக் கடிதங்களைப் படித்தால் கண் பழகிவிடும். தேதிச் சுருக்கங்களை மட்டும் மனத்தில் வையுங்கள். நாளுக்குப் பின்னால் இன்ஸ்ட் என்று இருந்தால் இந்த மாதம், அல்ட் என்று இருந்தால் போன மாதம், பிராக்ஸ் என்று இருந்தால் அடுத்த மாதம்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாரேனும் உங்களுக்காக நேரில் பார்க்க முன்வந்தால், 16 வயது நிறைந்த எவருக்கும் நாடாளுமன்ற நூலகம் வாசகர் அட்டையை இலவசமாகத் தருகிறது; புகைப்படம் உள்ள அடையாள அட்டை போதும். போவதற்கு முன் தொகுப்பின் விவரப் பட்டியலைத் தரவிறக்கி, எந்தப் பெட்டி அல்லது எந்த நுண்படச் சுருள் என்பதை எழுதி அனுப்புங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்து அனுப்பிய என் மைத்துனருக்கு ஒரு விடுமுறை நாள் முழுவதும் பாழாயிற்று.

7. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு (இரண்டு நாட்கள்)

1850க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1850 முதல் வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும், சொத்து மதிப்பும் கிடைக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு மட்டும் தொடங்கினால் போதும், கட்டணமில்லை. தேடும் முன் உங்கள் அட்டவணையில் ஊர் நிரலைப் பாருங்கள்: ட்ரம்புல் 1849இல் ஆல்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பதால், 1850க்குத் தேட வேண்டியது பெல்வில் இருக்கும் செயின்ட் கிளேர் மாவட்டமன்று, ஆல்டன் இருக்கும் மாடிசன் மாவட்டம். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் அழிந்துவிட்டது. அதற்காக யாரிடமும் பணம் கட்டாதீர்கள். அந்த இடைவெளிக்குச் சிகாகோ நகர முகவரிப் புத்தகங்கள் உதவும்.

8. செய்தித்தாள்கள் (கடைசியில்தான்)

நான் தொடங்கியது இங்கே. இரண்டு மாதங்கள் மூழ்கிப் போனேன். தேதியும் ஊரும் கையில் இல்லாமல் செய்தித்தாளுக்குள் இறங்கினால் கரையேற முடியாது.

நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்காவும், இலினொய் பல்கலைக்கழகத்தின் செய்தித்தாள் தொகுப்பும் இலவசம். ஒளிவருடிய எழுத்தை இயந்திரம் தப்பும் தவறுமாகப் படித்திருக்கும் என்பதால், பெயரை மட்டும் தேடாமல் சட்ட முன்வரைவின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றாலும் தேடுங்கள். அக்காலத் தாள்கள் வெளிப்படையாகக் கட்சி சார்ந்தவை. ஸ்பிரிங்ஃபீல்டின் ஸ்டேட் ஜர்னல் ஒரு பக்கம், ஸ்டேட் ரெஜிஸ்டர் மறுபக்கம். ஒரே கூட்டத்துக்கு ஒன்றில் பெருங்கூட்டமும் மற்றொன்றில் காலி நாற்காலிகளும் இருக்கும். இரண்டையும் படியுங்கள்.

9. செலவு

நான் செலவிட்டது ஏறக்குறைய 7,000 ரூபாய். அதில் பெரும்பகுதி தண்டம். கட்டணத் தளம் ஒன்றில் ஏழு நாள் இலவசம் என்று அட்டை எண்ணைக் கொடுத்தேன். எட்டாம் நாள் ஆறு மாதச் சந்தாவை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். வங்கி வெளிநாட்டு நாணய மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டது. இலவசக் காலத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால், வேண்டிய தாள், நாள், பக்கம் ஆகியவற்றின் பட்டியலை முன்பே தயாரித்து, கணக்கைத் தொடங்கிய அன்றே ரத்து செய்வதற்கான நாளைக் கைப்பேசியில் நினைவூட்டலாக வைத்துவிடுங்கள்.

பழைய நூல்களை மறுஅச்சு என்ற பெயரில் விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். ட்ரம்புல்லை நேரில் அறிந்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதி 1913இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு இன்டர்நெட் ஆர்கைவில் முழுமையாகக் கிடைக்கிறது. மறுஅச்சுக்கு நான் 1,800 ரூபாய் கொடுத்தேன், அதில் பல பக்கங்கள் கோணலாக இருந்தன. அந்த நூலை நான்காம், ஐந்தாம் படிகளுக்குப் பிறகு படியுங்கள். நண்பர் எழுதியது என்பதால், முதலிலேயே படித்தால் அவர் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். கூகுள் புத்தகங்களில் சில பழைய நூல்கள் இந்தியாவிலிருந்து பார்க்கும்போது துண்டு துண்டாக மட்டுமே திறக்கும். அதே நூலை மற்ற இரு மின்னூலகங்களிலும் தேடுங்கள்.

10. படங்களும் அனுப்பும் முன் செய்யவேண்டியதும்

மேத்யூ பிராடியின் படக்கூடம் எடுத்த செனட்டர்களின் புகைப்படங்களை நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் உயர்தரத்தில் தரவிறக்கலாம். படத்தின் பக்கத்திலேயே உரிமைநிலை பற்றிய வரி இருக்கும். அதைப் படியெடுத்து, பட எண்ணுடன் ஆசிரியருக்கு அனுப்புங்கள். கனெக்டிகட்டில் ட்ரம்புல் என்ற குடும்பப் பெயர் பரவலானது. ஆளுநர் ஜொனதன் ட்ரம்புல், ஓவியர் ஜான் ட்ரம்புல் ஆகியோரின் படங்களும் அதே தேடலில் வந்து நிற்கும் என்பதால் முழுப்பெயரையும் ஆண்டையும் சரிபாருங்கள்.

வரைவு முடிந்தபின் ஒரு நாளை ஒதுக்கி, முதல் நாள் எழுதிய அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுரையில் வரும் ஒவ்வொரு ஆண்டையும் பதவிப் பெயரையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். எனக்கு அன்று மாலை நான்கு மணிக்குள் மூன்று பிழைகள் அகப்பட்டன.